ஜோ நைனுக்கு முதலிடம்

1994ஆம் வருடத்தின் தலைசிறந்த பத்து ஹிப்ஹாப் கேசட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முஜீப்பிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அவனாகவே எடுத்துக்கொண்டான். கோயம்புத்தூரில் அதற்குத் தகுதியான ஆள் தன்னைத் தவிர வேறு எவரும் இல்லை என்பது அவன் கணிப்பு. கணிப்பில் தவறொன்றும் இல்லை. ஹிப்ஹாப் கேட்கிற ஆளே அவனுக்குத் தெரிந்து ஊரில் வேறு எவரும் இல்லை.

கரும்புக்கடையில், பொள்ளாச்சி ரோட்டைப் பார்த்தபடி அவனுடைய அத்தா மைதீன் பிச்சையின் மோட்டார் வைண்டிங் பட்டறை இருந்தது. கிணத்துக்கடவு வரைக்கும் உள்ள தோட்டங்களில் கிணற்று மோட்டார் கருகிப்போனால் இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருபத்துநான்கு வயது முஜீப் பட்டறையின் இரண்டாவது ஆள். கருகின கம்பியை உருவிப்போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுவதும் வார்னிஷ் ஊற்றுவதும் அவன் வேலை. "என்ற பையன் மோட்டாரைப் பாக்கவே வேண்டாமுங்க, சத்தத்தைக் கேட்டே எத்தனை சுத்து ஓடுதுன்னு சொல்லிப்போடுவான்" என்று அத்தா வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். முஜீப்பும் அதை மறுத்ததில்லை.

ஹிப்ஹாப் அவனிடம் வந்து சேர்ந்தது ஷார்ஜா வழியாக. அவனுடைய பெரியம்மா ஹபீபுன்னிசாவின் ஒரே மகன் சாஜித் அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குப் போயிருந்தான். அவனோடு அறையில் தங்கியிருந்த சூடான்காரனிடம் ராப் பாட்டுகள் மலைபோல் இருந்தன. சாஜித் அவற்றைப் பதிவுசெய்து, ஊருக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புவான். கேசட்டின் ஏ பக்கம் முஜீப்புக்கு ராப். பி பக்கம் பெரியம்மாவுக்குக் கடிதம். கடிதம் என்றால் எழுதினது இல்லை, பேசினது. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாஜித்தின் கிடங்குக்குப் போன் வசதி கிடையாது. அதனால் அவன் நலம் சொல்வதும் நலம் கேட்பதும் எல்லாம் கேசட்டில்தான்.

பட்டியல் போடும் யோசனை பழைய புத்தகக் கடையில் பிறந்தது. அட்டையில்லாத வெளிநாட்டு இசைப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அதில் வருடத்தின் தலைசிறந்த பத்து என்று பத்தாவதில் தொடங்கி நான்காவது வரை இருந்தது. முதல் மூன்று இருந்த பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். முஜீப் அதையே தனக்கு விடுக்கப்பட்ட அழைப்பாக எடுத்துக்கொண்டான்.

அந்த வருடம் அவனுக்கு மொத்தம் பதினொரு கேசட்டுகள் வந்திருந்தன. அதில் ஒன்றை டேப்ரெக்கார்டர் தின்றுவிட்டது. ஆக, பத்து தானாகவே அமைந்தது. ஆனாலும் முன்னுரையில் "கடுமையான பரிசீலனைக்குப் பின்" என்று எழுதினான். அவையெல்லாம் 1994இல் வெளிவந்தவைதானா என்பது இன்னொரு கேள்வி. சாஜித் கேசட்டின் மேல் பாடுபவர் பெயரை மட்டும்தான் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருப்பான். தன் கைக்கு வந்தது 1994இல், ஆகவே அது 1994 என்று முஜீப் முடிவுகட்டினான்.

பாட்டின் சொற்களில் எட்டுக்கு ஒன்று அவனுக்குப் பிடிபடும். பிடிபட்டதை வைத்து ஆராய்ச்சி செய்தான். "இவர்கள் தாய்ப்பாசம் மிக்கவர்கள். ஒவ்வொரு பாட்டிலும் பத்து முறையாவது 'மதர்' என்று தாயை நினைத்து உருகுகிறார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அது தனக்கே பிடித்துப்போய், அடிக்கோடு போட்டான். "ஹிப்ஹாப் என்பது நிதானம். அவசரப்படாதவனின் இசை" என்பது முன்னுரையின் முதல் வாக்கியம்.

முதலிடம் யாருக்கு என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. கேசட்டில் 'ஜோ நைன்' என்று எழுதியிருந்தது. அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் முஜீப் நடையை மாற்றிக்கொள்வான். தோளைச் சரித்து, ஒவ்வொரு காலாக யோசித்து வைப்பான். நாலு மாதமாக அவன் அப்படித்தான் தொழுகைக்கும் போய் வந்தான். முழங்கால் வலியா என்று பள்ளிவாசலில் இரண்டு பேர் விசாரித்தார்கள். ஜோ நைனைப் பற்றி அவன் எழுதினது இது: "முந்நூறு அடி போர்வெல்லிலிருந்து எழும் குரல். மீசை வைத்த குரல். வாழ்ந்து அடிபட்ட ஒரு நாற்பது வயது ஆண்மகனால் மட்டுமே இப்படிப் பேச முடியும். தழுதழுப்பில்லை, அவசரமில்லை. ஆண்மை என்றால் என்ன என்று கேட்பவர்கள் இந்தக் கேசட்டைக் கேட்கட்டும்."

அவன் இதை எழுதிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை ஹபீபுன்னிசா பெரியம்மா வந்தாள். பழைய கேசட்டைத் திரும்பக் கேட்க வருவது அவள் வழக்கம். டூ-இன்-ஒன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். சாஜித்தின் குரல் கனத்து, இழுத்து இழுத்து வந்தது.

"அம்மா... நான் நல்லா இருக்கேன்... நேத்து நானே பிரியாணி ஆக்குனேன்... தின்னுபோட்டு மூணு பேரு வேலைக்குப் போகலை..."

அதற்குப் பிறகு ஒரு விம்மல். கேசட் அதோடு முடிந்தது.

"பாரு கண்ணு, கடைசியில அழுவறான்" என்றாள் பெரியம்மா. "இவ்வளவு நாளா வெளையாட்டுப் பையனா இருந்தவன், இப்ப வார்த்தை வார்த்தையா எண்ணிப் பேசறான். அவனுக்கு மனசுல என்னமோ பாரம் இருக்குது. என்னன்னு கேட்டனுப்பிச்சா, ஒண்ணுமில்லம்மாங்கறான். அதையும் சாவற மாதிரிச் சொல்றான்."

அவள் அந்த வருடம் வியாழக்கிழமை தவறாமல் தர்காவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நல்ல உருப்படியான உடம்பு பாதியாகியிருந்தது. முஜீப் பேனாவை வைக்காமலே ஆறுதல் சொன்னான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பெரியம்மா. பையன் ஆம்பளையாயிட்டான். கொரல் முத்தியிருக்குது. நல்ல கொரலே அப்படித்தான் இருக்கும்."

கோர்ட்டுக்கு எதிரில் இருந்த டைப்பிங் கடைக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனான். அங்கே தமிழ் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் மெர்சி. பத்திரம், மனு, வாடகை நோட்டீஸ் என்று அடித்தடித்து அவள் விரல்கள் யோசிக்காமலே ஓடும். முஜீப்பின் தாளை எடுத்தவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, ஹிப்ஹாப்புனா என்னுங்க? ஹோமியோபதி மாதிரிங்களா?"

முஜீப் விளக்கினான். அரைமணி நேரம் விளக்கினான். பின்னால் வாடகை நோட்டீஸுக்குக் காத்திருந்தவர் இரண்டு முறை இருமினார். மெர்சி முழுக்கக் கேட்டாள். அவன் பேச்சை இத்தனை நேரம் ஒருவர் எழுந்து போகாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளால் மிஷினை விட்டு எழுந்து போக முடியாது என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

அடித்து முடித்துத் தாளை உருவும்போது மெர்சி சொன்னாள். "முந்நூறடி போர்வெல்லுன்னு எழுதியிருக்கறீங்களே, அந்தக் கொரலை நான் கேட்டுப் பாக்கோணுங்க. சர்ச்சுல நாங்க கொயர்ல பாடறோம். ஊட்ல டேப்பு இருக்குது."

முஜீப் மறுநாளே கேசட்டைக் கொண்டுவந்தான். தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும், பொறுமையாகக் கேட்க வேண்டும், முதல் தடவை புரியாவிட்டால் மனம் தளரக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் போட்டுக் கொடுத்தான்.

பட்டியலை முப்பது நகல் எடுத்தான். ஒப்பணக்கார வீதிக்குப் பக்கத்துச் சந்தில் பாலகோபாலின் கேசட் ரெக்கார்டிங் கடை. சினிமாப் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார். அவர் ஒரு நகலை வாங்கிப் படிக்காமலே கடையின் முன்கண்ணாடியில் ஒட்டினார். கண்ணாடியில் ஒரு விரிசல் இருந்தது; தாள் அதற்குச் சரியான அளவு. மீதியைக் காலேஜ் வாசலில், டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில் கொடுத்தான். ஒன்று பட்டறைக்கே திரும்பி வந்தது. கிணத்துக்கடவிலிருந்து கருகின மோட்டாரோடு வந்த அப்புசாமிக் கவுண்டர் டீக்கடையில் அதை வாங்கியிருந்தார்.

"தம்பி, இந்த ஜோ நைனுங்கறது புதுக் கம்பெனிங்களா? முந்நூறடியிலிருந்து எடுக்கும்னு போட்டிருக்குதே. எத்தனை ஹெச்.பி.ங்க? நம்ம கெணறு வத்திக் கெடக்குது, போர் போட்டுப்போடலாம்னு ரோசனை."

முஜீப் அது மோட்டார் இல்லை, பாட்டு என்றான். அப்புசாமி தாளைத் திருப்பிப் பார்த்தார். "அப்பறம் ஏனுங்க முதலிடம்னு போட்டிருக்குது?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் அதை மடித்து மோட்டாருக்கு அடியில் எண்ணெய் ஒழுகாமல் வைத்தார்.

நான்காவது நாள் முஜீப் டைப்பிங் கடைக்குப் போனான். போகும்போதே, அவள் சொல்லப்போகும் வார்த்தைகளையும், தான் அதற்கு அடக்கமாகச் சொல்லப்போகும் பதிலையும் தயாரித்து வைத்திருந்தான். மெர்சி மேசை இழுப்பறையிலிருந்து கேசட்டை எடுத்து வைத்தாள்.

"நல்லாருக்குதுங்க. மூணு வாட்டி கேட்டேன். அந்தப் புள்ளைக்கு மூச்சு எங்கிருந்துதான் வருதோ தெரியலீங்க. நிறுத்தாமப் பேசுது."

"எந்தப் புள்ளை?"

"ஜோதானுங்க."

"ஜோ ஆம்பளைங்க."

மெர்சி அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "இல்லீங்க. பொம்பளைப் புள்ளைங்க. இருபது வயசு இருந்தா சாஸ்தி. எங்க கொயர்ல மேல்கொரல் பாடற புள்ளைக மாதிரியே இருக்குது."

முஜீப் சிரித்தான். இரக்கத்தோடு சிரித்தான். "உங்க டேப்பு வேகமா ஓடுதுங்க. மோட்டார்ல கோளாறு. கொண்டாங்க, நான் சரிபண்ணித் தாரேன். எனக்கு இதான் தொழில்."

"அதுல ஞாயித்துக்கெழமை பாடற பாட்டெல்லாம் போட்டுத்தானுங்க பழகறோம். சுதி சரியாத்தான் நிக்குது."

சரி, பொதுவான ஒரு மிஷினில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முஜீப்தான் சொன்னான். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் பாலகோபால் கடைக்கு நடந்தார்கள். வழியெல்லாம் முஜீப் தோற்றுப்போகிறவர்களிடம் எப்படிப் பெருந்தன்மையாக நடந்துகொள்வது என்று யோசித்துக்கொண்டு வந்தான்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பாலகோபால் கேசட்டைத் தன் பெரிய டெக்கில் போட்டார். ஸ்பீக்கரிலிருந்து ஓர் இளம்பெண் வெடித்துக் கிளம்பினாள். கடுகைக் காய்ந்த எண்ணெயில் போட்டதுபோல் படபடவென்று பேசினாள். நடுவில் ஒரு தடவை களுக்கென்று சிரித்தாள். அந்த இடம் முஜீப்புக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஜோ நைன் வாழ்க்கையின் கசப்பை நினைத்து நெஞ்சுக்குள் உறுமுவதாக அவன் ஒரு முழு வாக்கியம் எழுதியிருந்தான்.

"பொம்பளை வாய்ஸுங்க தம்பி. இதுலென்ன சந்தேகம்?" என்றார் பாலகோபால். பிறகு அவருக்கு எதுவோ நினைவு வந்தது. எட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை உள்பக்கமிருந்தே இடம் வலம் மாறிய எழுத்தில் படிக்கப் பார்த்தார். முடியாமல் வெளியே போய் நின்று சத்தமாகப் படித்தார். "'மீசை வைத்த குரல்.'"

நாலைந்து பேரும் வெளியே போய்ப் படித்தார்கள். மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. கடை விட்டத்தில் ஏதோ சுவாரசியமாக இருப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் முஜீப்புக்கு அதிகம் வலித்தது.

"உங்க மிஷினும் வேகமா ஓடுது" என்றான்.

பாலகோபால் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். ஊரில் எல்லா ஆட்டோவிலும் ஓடுகிற பாட்டு. அது எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. அங்கே நின்றவர்களில் ஒருவர் கூடவே முணுமுணுத்தார். முஜீப்புக்குத் தன் பெட்டி நினைவுக்கு வந்தது. தன் வீட்டு டூ-இன்-ஒன்னில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் சினிமாப் பாட்டுக் கேசட் நுழையக் கூடாது என்று தடை போட்டது அவன்தான். 'காது கெட்டுவிடும்' என்று தங்கை கொண்டுவந்த கேசட்டைக்கூடத் திருப்பியனுப்பியிருந்தான்.

சைக்கிளில் உக்கடம் திரும்புவதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. ஏப்ரல் மாதம், அந்த வருடத்தின் முதல் கேசட் வருவதற்கு முன்பே, டேப்ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் அறுந்துபோயிற்று. கடையில் கேட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் ஹிப்ஹாப் இல்லாமல் எப்படி இருப்பது? மோட்டார்க்காரன் மகனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வளையம் வெட்டி மாட்டினான். அத்தனை நேர்த்தியாக வெட்டியிருந்ததால் டேப் விட்டுவிட்டு ஓடவில்லை, திணறவில்லை. ஒரே சீராக, ஒழுங்காக, மெதுவாக ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கவிழ்த்து ஸ்க்ரூவைக் கழற்றினான். ட்யூப் வளையம் எண்ணெய்ப் பளபளப்போடு தொளதொளவென்று கிடந்தது. சாப்பிட வந்த அத்தா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்றா அது, சைக்கிள் ட்யூப்பா? எப்ப மாட்டினே?"

"ஏப்ரல்ல."

மைதீன் பிச்சை விரல்விட்டு எண்ணவில்லை, முகத்திலேயே எண்ணினார். "எட்டு மாசமா ஒரு மோட்டாரு ஸ்லோவா ஓடிட்டிருக்குது. உன்ற காதுக்கிட்டயே ஓடிட்டிருக்குது." அவ்வளவுதான் சொன்னார். பட்டறைக்கு வருகிறவர்களிடம் பிறகு அவர் மகனின் காதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

சாயங்காலமே சரியான பெல்ட் வாங்கிவந்து மாட்டினான். பத்துக் கேசட்டுகளையும் வரிசையாகக் கேட்டான். 'நிதானமான ஞானிகள்' என்று அவன் மூன்றாம் இடம் கொடுத்தவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள்போலப் பேசினார்கள். ஆறாம் இடத்துக்காரர் உண்மையில் கிட்டத்தட்ட எலி மாதிரிக் கீச்சிட்டார். எட்டுக்கு ஒன்றாகப் புரிந்த சொற்கள் இப்போது இருபதுக்கு ஒன்றாயின. அவன் எழுதியிருந்த பாராட்டில் பாதி அந்தச் சைக்கிள் ட்யூப் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டியது.

ஜோ நைனைக் கடைசியில் போட்டான். நாற்பது வயது அண்ணன் போய்விட்டார். அவருடைய இடத்தில் யாரோ ஒரு பெண். நாலு மாதமாக யாரைப்போல் நடந்தோமோ அந்த ஆள் எந்த ஊரிலும் இல்லை என்பது அவனைச் சங்கடப்படுத்தியது. முதல் தடவை கோபமாகக் கேட்டான். இரண்டாம் தடவை அவள் மூச்சு எடுக்கும் இடத்தைத் தேடினான். மூன்றாம் தடவை, அவள் சிரிக்கிற இடம் வருவதற்கு முன்பே அவன் உதடு விரிந்துவிட்டது.

அப்போதுதான் கேசட்டின் பி பக்கம் நினைவுக்கு வந்தது. ஏ பக்கம் மெதுவாக ஓடியிருந்தால் பி பக்கமும் மெதுவாகத்தானே ஓடியிருக்கும். கேசட்டைத் திருப்பிப் போடாமலே எழுந்து, இரண்டு வீடு தள்ளியிருந்த பெரியம்மாவைக் கூப்பிடப் போனான்.

ஹபீபுன்னிசா மாவுக்கையோடு வந்தாள். "புதுசா வந்திருக்குதா?"

"பழசுதான் பெரியம்மா. கேளுங்க."

பொத்தானை அமுக்கினான். "அம்மா, நான் நல்லா இருக்கேன்!" என்று சாஜித் துள்ளிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த அதே குரல். "நேத்து நானே பிரியாணி ஆக்குனேன். தின்னுபோட்டு மூணு பேரு வேலைக்குப் போகலை!" அதற்குப் பிறகு, கெக்கெக்கே என்று அடக்கமாட்டாத சிரிப்பு. விம்மல் இல்லை, சிரிப்பு. பின்னால் யாரோ ஒருவர், அந்தச் சூடான்காரனாக இருக்கலாம், கூடச் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது.

பெரியம்மா மாவுக்கையை அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு வாட்டி போடு" என்றாள். போட்டான். "அந்த மொகரம் மாசத்தது?" அதையும் போட்டான். சூப்பர்வைசர் மாதிரி மிமிக்ரி செய்திருந்தான் பையன். அதை அவள் ஜூலை மாதம் கேட்டபோது, மகனை யாரோ மிரட்டுகிறார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒவ்வொன்றாகப் பத்துக் கேசட்டையும் கேட்டாள். கேட்கக் கேட்கக் கண்ணீர் வழிந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் துடைக்கக் கை இல்லாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்ன வைத்தியம் பண்ணுனே கண்ணு இந்தப் பெட்டிக்கு?"

சொல்லாமல் தப்பித்துவிடலாம். கல்ஃப் காற்று அவனுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது என்று ஏதாவது அடித்துவிடலாம். ஆனால் அத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முஜீப் தலையைக் குனிந்துகொண்டு ட்யூப் வளையத்தை எடுத்துக் காட்டினான். ஏப்ரலில் அதை மாட்டியது, டேப் மெதுவாக ஓடியது, குரல் கனத்துப்போனது எல்லாவற்றையும் சொன்னான்.

பெரியம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மாவுக்கையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

"எட்டு மாசம்டா! என்ற புள்ளை அழுவறான்னு நான் அழுதேன். கொரல் முத்தியிருக்குதுன்னு சொன்னியே, பாவி! உனக்குப் பாட்டுன்னா மத்தவங்க காதெல்லாம் என்ன தகரமா?" இன்னொன்று வைத்தாள். பிறகு உட்கார்ந்து, "மொதல்ல இருந்து போடு" என்றாள்.

முஜீப்புக்கு அந்த அடி நியாயமாகப் பட்டது. பாலகோபால் கடையில் நின்றவர்கள் சிரித்தது அவனுடைய பெருமையைத்தான். இது வேறு. ஒரு மனுஷி பக்கத்திலேயே உட்கார்ந்து பாதியாகிக்கொண்டிருக்கும்போது, அவன் பேனாவைக் கீழே வைக்காமல் ஆண்மையைப் பற்றி எழுதியிருக்கிறான்.

மறுநாள் பட்டியலைத் திரும்ப வாங்கப் பாலகோபால் கடைக்குப் போனான். அவர் தர மறுத்துவிட்டார்.

"இருக்கட்டுங்க தம்பி. இதைப் படிக்கவே நேத்திலிருந்து ஆளு வருது. வந்தவங்க சும்மா போறதில்லை, ஆளுக்கொரு கேசட்டு பதியக் குடுத்துட்டுப் போறாங்க. கண்ணாடி விரிசலையும் மறைக்குதுங்களே."

வேறு வழியில்லாமல் 'திருத்தம்' என்று தலைப்பிட்டு இன்னொரு தாள் எழுதினான். சைக்கிள் ட்யூபை ஒளிக்கவில்லை. "மேற்படிக் கட்டுரையில் நிதானம் என்று கூறப்பட்டது இசையின் நிதானம் அல்ல, கட்டுரையாளர் வெட்டி மாட்டிய ரப்பரின் நிதானம். ஜோ நைன் பெண் என்பதைக் கட்டுரையாளர் தவிர மற்றவர்கள் கேட்ட மாத்திரத்தில் அறிந்தனர். அவருக்கே இப்போதும் முதலிடம்." அதற்குக் கீழே, அவள் அழகியாகவும் பத்தொன்பது வயதினளாகவும் இருப்பாள் என்று ஒரு பத்தி.

மெர்சி படித்துவிட்டு அந்தப் பத்தியின்மேல் பென்சிலால் கோடு போட்டாள்.

"தெரியாததை எழுத வேண்டாமுங்க. ஒரு வாட்டி பட்டது போதாதுங்களா?"

முஜீப் தலையாட்டினான்.

"அப்படியே பழைய தாள்ல அந்தத் தாய்ப்பாசம் பத்தின வரியையும் வாபஸ் வாங்கிக்குங்க."

"ஏன்? அது சரியாத்தானே இருக்குது?"

"எடுத்துப்போடுங்க."

"மதர்னா தாய்தானுங்களே?"

மெர்சியின் காது சிவந்துவிட்டது. "அதுக்கடுத்து இன்னொரு வார்த்தை வருதுங்க. எடுத்துப்போடுங்கன்னா எடுத்துப்போடுங்க. பாஸ்டர் ஒருத்தரு எங்க ஊட்டுத் தெருவுல நடந்து போறப்ப நான் அந்தக் கேசட்டை எப்படி நிறுத்தினேன்னு எனக்குத்தான் தெரியும்."

முஜீப் அந்த வரியை எடுத்துவிட்டான். இன்னொரு வார்த்தை என்ன என்று கேட்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை.

திருத்தமும் கண்ணாடியில் ஏறியது. மீதி ஒன்பது கேசட்டுகளையும் மெர்சி வாங்கிக்கொண்டு போனாள். இந்தத் தடவை அவன் நிபந்தனை எதுவும் போடவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஜனவரியில் ஒரு மத்தியானம், திரும்ப வாங்கப் போனபோது கேசட்டுகளை அவள் வேறு வரிசையில் அடுக்கி வைத்திருந்தாள்.

"உங்க வரிசை எனக்கு ஒத்துவரலீங்க" என்றாள். "ஜோ நல்லாத்தான் பேசுது. ஆனா இந்தக் கான்கிரீட் பிரதர்ஸை ஏனுங்க ஒன்பதாவதுல தள்ளுனீங்க? இவங்களுக்குத்தான் முதலிடம்."

"அவங்களா? அவங்களுக்குத் தாளமே நிக்காதுங்க!"

"உங்க ட்யூப்புல நின்னிருக்காதுங்க."

முஜீப்புக்குச் சுருக்கென்றது. இந்த இசையை இரண்டு வருடமாகக் கேட்கிறவன் அவன்; இவள் கேட்பது இரண்டு வாரமாக. கான்கிரீட் பிரதர்ஸுக்கு எதிராக அவன் ஆறு காரணங்கள் சொன்னான். அவள் மனு ஒன்றை அடித்துக்கொண்டே ஐந்துக்குப் பதில் சொன்னாள். ஆறாவதற்கு, "அது வேண்ணா சரியாயிருக்கலாமுங்க" என்று விட்டுக்கொடுத்தாள். அந்த ஒன்றுக்கே அவனுக்கு ஊரில் தேர் இழுத்தமாதிரி இருந்தது.

மனு முடிந்ததும் மெர்சி மிஷினில் புதுத் தாளைச் சொருகினாள். மேலே நடுவில் '1994இன் தலைசிறந்த பத்து' என்று அடித்தாள். அதற்குக் கீழே, அவனைக் கேட்காமலே, தேர்ந்தெடுத்தவர் என்று தன் பெயரை அடித்து, அடுத்த வரியில் ஒன்று என்று இலக்கம் போட்டாள். முஜீப் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் மெர்சி. "வெளிச்சத்தை மறைக்கறீங்க."